புதிய தாதியருக்குத் துணை நிற்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியின் வைத்தியசாலைகளில் நிலவும் தாதியர் பற்றாக்குறை பற்றிப் பேசப்படும் போதெல்லாம் நியமன எண்ணிக்கையே முன்வைக்கப்படுகின்றது. நியமனம் பெற்று வருபவர் தமது முதல் மாதங்களை யாருடைய துணையுடன் கடக்கின்றார் என்பதை எவரும் கேட்பதில்லை. மூன்றாண்டு டிப்ளோமாப் பயிற்சியை முடித்த ஒருவர், இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரையான கடமையில் ஒரு நோயாளர் விடுதியின் பொறுப்பை ஏற்க எவ்வளவு விரைவில் நேர்கின்றது என்பதை விடுதிகளில் பணியாற்றியவர்கள் அறிவார்கள்.

நெல் அறுவடைக் காலத்தில் புடையன் பாம்பு கடித்து வருபவரையே எடுத்துக்கொள்வோம். விஷம் இரத்தம் உறைவதைக் கெடுத்துள்ளதா என அறிய, அவரது இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடங்கள் அசைக்காமல் வைத்திருந்து, பின்னர் ஒருமுறை சரித்து உறைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும் என்பதை எந்த மாணவியும் பரீட்சையில் பிழையின்றி எழுதிவிடுவார். ஆனால் அவசரத்தில் கைக்கெட்டிய பிளாஸ்டிக் குழாயிலோ, சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயிலோ இரத்தத்தை விட்டால், உறையக்கூடிய இரத்தமும் உறையாமல் நின்று தவறான முடிவைக் காட்டலாம் என்பது, பக்கத்தில் நின்று குழாயை மாற்றச் சொல்லும் மூத்த தாதி ஒருவர் இருந்தால்தான் மனதில் பதியும். விஷமுறிப்பு மருந்து ஏறிக்கொண்டிருக்கையில் நோயாளி "உடம்பெல்லாம் கடிக்குது மிஸ்" என்று அரிப்பைச் சொன்ன உடனேயே ஒவ்வாமை தொடங்குவதை உணர்ந்து, மருந்தை நிறுத்தி, வைத்தியரை அழைத்து, அட்ரினலினை ஆயத்தப்படுத்தும் நிதானமும் அவ்வாறே வருவது.

மாணவிக்கோ புதிய தாதிக்கோ வழிகாட்டி என்று ஒருவரின் பெயரைக் கடமைப் பட்டியலில் எழுதிவிடுவதால் மட்டும் இது நடந்துவிடாது. தமக்குரிய நோயாளர் அனைவரையும் கவனித்துக்கொண்டே மாணவியையும் பார்க்கும்படி விடப்படும் மூத்த தாதியால், கட்டில் விரிக்கவும் இரத்த அழுத்தம் குறிக்கவும் ஒரு கூடுதல் கையாகவே அவரைப் பயன்படுத்த முடியும். அந்த மூத்த தாதி மீது குறை சொல்வதில் நியாயமில்லை. வழிகாட்டியின் நோயாளர் சுமை குறைக்கப்பட வேண்டும். இருவருக்கும் ஒரே நேரக் கடமை வழங்கப்பட வேண்டும்.

கற்பிப்பவரும் மதிப்பிட்டுக் கையொப்பமிடுபவரும் ஒருவராக இருப்பதும் தவிர்க்கப்பட வேண்டியதே. புள்ளி போடப்போகின்றவரிடம் "எனக்கு இது தெரியாது" என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? பிரித்தானியாவின் தாதியர் பேரவை 2018இல் வெளியிட்ட நியமங்களில் இவ்விரு பொறுப்புகளையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது.

பெரிய வைத்தியசாலைகளில் பயின்றவர்கள் பின்னர் மல்லாவி, முழங்காவில் போன்ற கிராமப்புற இடங்களுக்கும் அனுப்பப்படலாம். அங்கே அம்புலன்ஸில் நோயாளியுடன் தனியே செல்ல வேண்டிவரும் என்பதால், மாணவப் பருவத்திலேயே மூத்தவர் ஒருவருடன் சில தடவைகள் அவ்வாறு சென்றிருப்பது பெரிதும் உதவும். (தெற்கிலிருந்து முதல் நியமனத்தில் வரும், தமிழ் தெரியாத தாதியருக்கு இத்துணை இரட்டிப்பாகத் தேவை.)

மூத்தவர்களை விடுவிக்க ஆளில்லை என்பதே உடனடியாக வரும் பதிலாக இருக்கும். ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கின்றோம். பகுதிநேர வழிகாட்டிகளாக எம்மை அமர்த்துவதற்குச் சுகாதார அமைச்சு வழிசெய்யலாம். யாழ்ப்பாணம், வவுனியா தாதியர் கல்லூரிகளின் அடுத்த அணி வெளியேறுவதற்கு முன்னர் ஒரு மருத்துவ விடுதியிலும் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவிலுமாவது இதனைத் தொடங்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
கிளிநொச்சி.