மண்ணை அப்படியே குழைத்தால் படம் உதிரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலக்காட்சியைக் கலையாக்குபவர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ஓவியர்கள் மலையையும் ஆற்றையும் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அருமையாகச் சொன்னது. அந்த மலையின் மண்ணையே வண்ணமாக்குபவர்களுக்குக் கிடைத்ததோ ஒரு சிறு பெட்டிச் செய்தி. மண்ணை அள்ளிச் சலித்துப் பிசினில் குழைத்தால் போதும் என்று அது முடிந்துவிடுகிறது. அதை நம்பிச் செய்கிறவரின் படம் காய்ந்ததும் வெடிக்கும், தொட்டால் தூளாகக் கொட்டும். அது ஏன் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

மண்ணில் நிறம் தருவது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுதான். அவற்றுள் கோதைட் என்ற கனிமம் மஞ்சள் தரும், ஹேமடைட் என்ற கனிமம் சிவப்பு தரும், மாங்கனீசும் சேர்ந்தால் அடர் பழுப்பு. ஆனால் ஒரு பிடி செம்மண்ணில் இவற்றின் பங்கு மிகக் குறைவு. மற்றதெல்லாம் மணலும் வண்டலும் களியும். மணல் தாளில் ஒட்டாது. களி அதிகமானால் காயும்போது சுருங்கும். கரிசல் மண்ணைக் கண்டு ஆசைப்படுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்: அதிலுள்ள களி நீர்பட்டால் உப்பி, காய்ந்தால் இறுகும். கோடையில் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடிக்கிற அதே காரணத்தால் படமும் வெடிக்கும். தொடங்குகிறவர்களுக்குச் செம்மண்ணும் மஞ்சள் காவி மண்ணுமே நல்லது.

புல்வேர் ஓடும் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, ஒரு சாணுக்குக் கீழே எடுக்க வேண்டும். மேல்மண்ணில் மக்கிய இலைதழை இருக்கும். அது பூஞ்சை பிடிக்கும், அதன் பழுப்பு வெளிச்சத்தில் வெளுத்தும் போகும். பூச்சிமருந்து அடித்த வயல், தொழிற்சாலைக் கழிவு ஓடும் இடம், சாலையோரம் ஆகியவற்றின் மண் வேண்டாம்.

இனி முக்கியமான வேலை, கழுவுதல். சலிப்பது இதற்கு ஈடாகாது. காய்ந்த மண்ணை நொறுக்கி, ஒரு பங்குக்கு ஐந்தாறு பங்கு தண்ணீர் ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். 10 செ.மீ. ஆழத் தண்ணீரில் 0.05 மி.மீ. மணல் துகள் அடியைத் தொட ஏறக்குறைய 40 நொடி ஆகும். 0.02 மி.மீ. வண்டலுக்கு ஐந்து நிமிடம், 0.002 மி.மீ. களிக்கு 8 மணி நேரம். இந்தக் கணக்குதான் கருவி. ஒரு நிமிடம் பொறுத்து, அடியில் தங்கியதை விட்டு, மேலே நிற்கும் கலங்கலை இரண்டாம் வாளியில் சாயுங்கள். அதை ஐந்து நிமிடம் வைத்து, மறுபடியும் மேல் கலங்கலை மட்டும் மூன்றாம் வாளிக்கு மாற்றுங்கள். மூன்றாவதை ஓரிரு நாள் அசைக்காமல் விட்டால் அடியில் சேறுபோலப் படிவதுதான் நமக்கு வேண்டியது. மண்ணில் உப்பு இருந்தால் கலங்கல் பெரும்பாலும் வெகு சீக்கிரம் தெளிந்துவிடும். அதைக் கண்டு மகிழக் கூடாது. இன்னும் இரண்டு மூன்று முறை மழைநீரில் கழுவ வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. உப்பைப் போக்காவிட்டால் படம் காய்ந்த பிறகு வெள்ளை பூக்கும். பிரான்சின் ருசியோன் பகுதியில் காவி எடுத்தவர்களும் இதையேதான் பெரிய அளவில் செய்தார்கள். வாய்க்காலில் நீரோட்டத்தோடு விட்டு மணலை முதலில் இறக்கி, மெல்லிய காவியைத் தொட்டிகளில் படியவைத்தார்கள்.

படிந்ததைத் தட்டில் பரப்பிக் காயவைத்துப் பொடியாக்கலாம். மஞ்சள் காவியை இரும்புச் சட்டியில் வறுத்தால் சுமார் 300 டிகிரி செல்சியசில் கோதைட் தன்னுள் இருக்கும் நீரை இழந்து ஹேமடைட் ஆகும். மஞ்சள், ஆரஞ்சு, செங்காவி என்று ஒரே மண்ணிலிருந்து பல நிறம் கிடைப்பது இப்படித்தான். சூட்டில் நிறம் உண்மையைவிடக் கருத்துத் தெரியும். அதனால் அவ்வப்போது ஒரு சிட்டிகை எடுத்து ஆறவைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் தெறிக்கும்.

பசைக்கு வேலம்பிசின் ஒரு பங்கு, வெந்நீர் இரண்டு பங்கு. இரவு முழுவதும் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, நான்கு கரண்டிக்கு ஒரு கரண்டி தேன், ஓரிரு துளி கிராம்புத் தைலம். தேன் கூடினால் மழைக்காலத்தில் படம் பிசுபிசுக்கும். பொடியும் பசையும் சம அளவில் தொடங்கி, தடித்த கண்ணாடிப் பலகையில் தட்டையான குழவியால், நறநறப்பு அடங்கும்வரை அரைக்க வேண்டும். ஒரு கீற்றுப் பூசிக் காயவிட்டு விரலால் தேயுங்கள். நிறம் விரலில் வந்தால் பசை போதவில்லை. பளபளத்துச் செதில் செதிலாகப் பெயர்ந்தால் பசை கூடிவிட்டது. களி மிகுந்த மண் அதிகப் பசை குடிக்கும் என்பதால் எல்லா மண்ணுக்கும் ஒரே அளவு பொருந்தாது.

சுவரோவியத்துக்கு மண் நிறமிகளின் மேன்மை வேறு. ஈரச் சுண்ணாம்பின் காரத்தை அவை தாங்கும். மஞ்சள்தூள் தாங்காது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து குங்குமமாவது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்ததுதானே. ஈரப்பூச்சின் மேல் நிறமியைத் தண்ணீரில் மட்டும் கரைத்துப் பூசினால் போதும், சுண்ணாம்பே இறுகிப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பிலேயே கலந்து அடிப்பதானால் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது, மீறினால் கையில் ஒட்டும்.

அஜந்தாவை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்குள்ள ஓவியங்களின் பச்சை, பச்சை நிற மண்ணிலிருந்து வந்தது. குகைகளைக் குடைந்த அதே தக்காண எரிமலைப் பாறையின் பொந்துகளில் செலடோனைட் என்ற பச்சைக் கனிமம் படிந்திருக்கிறது. நீலத்துக்கு மட்டும் தொலைவிலிருந்து லாபிஸ் லசூலிக் கல் வரவேண்டியிருந்தது. மற்றபடி அந்த ஓவியங்களின் காவிகள் மண் தந்தவை. நிலக்காட்சி கலைஞரின் மனத்தில் மட்டும் இருப்பதாக எழுதும்போது மண்ணாகிய இந்தப் பாதி விடுபட்டுப்போகிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். இனிமேல் மண் வண்ணத்தில் வரைந்த படங்களை அச்சிடும்போது அடியில் நீர்வண்ணம் என்று மட்டும் போடாமல், எந்த ஊர் மண், எந்தப் பசை, எந்தத் தாள் என்பதையும் கலைஞரிடம் கேட்டுப் போடுங்கள். அந்தப் பெட்டிச் செய்தியைத் திருத்தியும் வெளியிடுங்கள். விடுமுறையில் பிள்ளைகள் செய்து பார்க்கக்கூடியது என்று அதில் இருந்ததால் இதை வற்புறுத்துகிறேன்: காய்ந்த மண்ணை நொறுக்கும்போதும் பொடியாக்கும்போதும் எழும் தூசியில் சிலிக்கா உண்டு, அது நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் அணிய வேண்டும், முடிந்தவரை ஈரமாகவே அரைக்க வேண்டும், வறுக்கும் வேலையைப் பெரியவர்கள் திறந்த வெளியில் செய்ய வேண்டும் என்ற வரிகளைத் திருத்தத்தின் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்