செருகுநிரலால் தளம் முடங்கினால் எதையும் அழிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில், இணையதளங்களை அமைக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இயங்கும் தளத்தில், கூடுதல் வசதி தரும் துணை நிரலான செருகுநிரல் ஒன்றை நிறுவியதும் தளம் வெறும் வெள்ளைத் திரையாகிவிட்டது என்று கேட்டிருந்த வாசகருக்கு, எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வேர்ட்பிரஸை முதலிலிருந்து நிறுவுமாறு விடை தரப்பட்டிருந்தது. பிறருடைய தளங்களைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அதைப் படித்ததும் பகீரென்றது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் யோசனை அது.

வெள்ளைத் திரையைக் கண்டவுடன் எழுதியதெல்லாம் போய்விட்டது என்று நினைப்பதுதான் முதல் பிழை. கட்டுரைகள் தரவுத்தளத்திலும், படங்கள் அவற்றுக்குரிய கோப்புறையிலும் அப்படியே இருக்கின்றன. வேர்ட்பிரஸும் அதில் நிறுவப்பட்ட அத்தனை செருகுநிரல்களும் ஒவ்வொரு பக்கம் திறக்கப்படும்போதும் அவை எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் ஒரே ஓட்டத்தில் சேர்ந்தே இயங்குவதால், அவற்றுள் ஒன்று நிரலின் ஓட்டத்தையே நிறுத்திவிடும் பெரும்பிழையில் சிக்கி நின்றாலும் மற்ற அனைத்தும் அத்துடன் நின்றுவிடுகின்றன, அவ்வளவே நடந்திருப்பது. செருகுநிரலை இயக்கும் நொடியிலேயே வேர்ட்பிரஸ் அதை ஒருமுறை சோதித்து, அப்போதே பெரும்பிழை எழுந்தால் இயக்க மறுத்துவிடுகிறது. அந்தச் சோதனையில் தப்பி, பிறகு முகப்பு திறக்கும்போது கவிழ்பவையே நம்மைத் தவிக்க விடுகின்றன.

2019 மே மாதம் வெளிவந்த 5.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பெரும்பிழை நேர்ந்ததும், எந்தச் செருகுநிரலில் எந்தக் கோப்பின் எந்த வரியில் அது எழுந்தது என்ற விவரத்துடன், மீட்பு முறையில் உள்நுழைவதற்கான இணைப்பு ஒன்று நிர்வாகியின் மின்னஞ்சலுக்குப் போகும். அந்த இணைப்பு ஒரு நாள் வரை செல்லும். தளத்தைக் கட்டிக்கொடுத்தவரின் முகவரியே நிர்வாகி முகவரியாக இன்னும் நீடிப்பதால், பல வேளைகளில் அந்த மடல் உரியவர் கண்ணில் படுவதே இல்லை. (ஸ்பேம் பெட்டியையும் ஒருமுறை துழாவிப் பார்ப்பது நல்லது.) இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீட்பு முறையில் அந்தச் செருகுநிரல் நிறுத்தி வைக்கப்படுவது உள்ளே நுழைந்த உங்களுக்கு மட்டுமே. அதை நீங்கள் கையால் முடக்கும்வரை வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பழைய பிழைச் செய்திதான் தெரியும். "எனக்குச் சரியாகிவிட்டதே" என்று கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனவர்கள் உண்டு.

மடல் வரவில்லையென்றாலும் கவலையில்லை. தளத்தை வைத்திருக்கும் சர்வரின் கோப்பு மேலாளர் வழியாகவோ கோப்புகளைப் பரிமாற உதவும் எஃப்டிபி வழியாகவோ நுழைந்து, டபிள்யூபி-கன்டென்ட் கோப்புறைக்குள் இருக்கும் ப்ளகின்ஸ் கோப்புறையைத் திறந்து, சந்தேகத்துக்குரிய செருகுநிரலின் கோப்புறைப் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால் போதும். பழைய பெயரில் அதைத் தேடும் வேர்ட்பிரஸ், கிடைக்காததால் விட்டுவிட்டு மேலே போய்விடும். எது குற்றவாளி என்று தெரியாவிட்டால் ப்ளகின்ஸ் கோப்புறையின் பெயரையே மாற்றிவிட்டு, தளத்தின் நிர்வாகத் திரையான டேஷ்போர்டில் செருகுநிரல்கள் பக்கத்தை ஒருமுறை திறந்தால் அனைத்தும் முடங்கிவிடும். பிறகு கோப்புறைக்குப் பழைய பெயரைத் திருப்பித் தந்து, பாதியை இயக்கிப் பார்த்து, பிழை எந்தப் பாதியில் இருக்கிறதோ அதை மட்டும் மீண்டும் இரண்டாகப் பிரித்துக்கொண்டே போனால், 32 செருகுநிரல்கள் இருந்தாலும் ஐந்தே சோதனைகளில் குற்றவாளியைக் கண்டுவிடலாம். இரண்டு செருகுநிரல்கள் ஒன்றோடொன்று மோதும்போது மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது. அப்போது ஒவ்வொன்றாகத்தான் இயக்கிப் பார்க்க வேண்டும். பக்கங்களின் நகலைச் சேமித்து வைத்து விரைவாகத் தரும் கேஷ் செருகுநிரல்கள் தம் கோப்புறைக்கு வெளியேயும் ஒரு கோப்பை விட்டுவைப்பதுண்டு என்பதால், பெயர் மாற்றியும் தளம் எழவில்லையென்றால் டபிள்யூபி-கன்டென்டில் அட்வான்ஸ்டு-கேஷ் என்று ஒரு கோப்பு கிடக்கிறதா என்று பார்த்து, அதன் பெயரையும் மாற்ற வேண்டும்.

பெயரை மாற்றச் சொல்கிறேனே தவிர, நீக்கச் சொல்லவில்லை. டேஷ்போர்டிலிருந்து ஒரு செருகுநிரலை நீக்கும்போது, அது தனக்கென்று தரவுத்தளத்தில் வைத்திருந்த அட்டவணைகளையும் துடைத்துவிட்டுப் போகக்கூடும். படிவங்களில் வந்து சேர்ந்த விண்ணப்பங்கள், கடைப் பகுதியின் ஆர்டர்கள் எல்லாம் அப்படி மறைந்தால் காப்புநகல் ஒன்றே கதி.

அடுத்தது பிழைப்பதிவு. தளத்தின் அமைப்புகள் அடங்கிய டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் டபிள்யூபி_டிபக், டபிள்யூபி_டிபக்_லாக் இரண்டையும் இயக்கி, பிழைகள் வருவோர் கண்ணில் படாதிருக்க டபிள்யூபி_டிபக்_டிஸ்ப்ளே என்பதை மட்டும் அணைத்து வைத்தால், நேர்ந்ததெல்லாம் டிபக்.லாக் என்ற கோப்பில் வரி வரியாகப் பதிவாகும். ஒரு சிற்றமைப்பின் தளம் இப்படித்தான் என் கைக்கு வந்தது. தொடர்புப் படிவத்துக்கான செருகுநிரலை நிறுவியதும் முகப்பு வெள்ளையாகிவிட, பொறுப்பிலிருந்தவர் பதற்றத்தில் இருபது நாள் பழைய காப்புநகலை மேலேற்றிவிட்டார். அந்த இருபது நாளில் எழுதி வெளியிட்ட எதுவும் திரும்பவில்லை. படிவத்தை மறுபடி நிறுவியபோது தளம் மறுபடியும் விழுந்தது. அதன்பின் பதிவைத் திறந்தால், அனுமதிக்கப்பட்ட நினைவகமான 134217728 பைட்டுகளும் தீர்ந்துவிட்டன என்று ஒரே வரி. அது 128 எம்பி. வரியின் இறுதியிலிருந்த பாதை புதிய படிவச் செருகுநிரலைத்தான் காட்டியது. ஆனால் நினைவகம் தீரும்போது பதிவில் இடம்பெறுவது கடைசியாக இடம் கேட்டவரின் பெயரே. முன்பே உண்டு தீர்த்தவரின் பெயர் அதில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. செருகுநிரல்களை ஒவ்வொன்றாக முடக்கி நினைவகச் செலவை அளந்ததில், யாரும் பயன்படுத்தாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஒரு படத்தொகுப்புச் செருகுநிரல், ஒவ்வொரு பக்கத்துக்கும் எல்லாப் படங்களின் விவரங்களையும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதை முடக்கியதும் படிவம் ஒழுங்காக இயங்கியது.

புதிதாக வந்தவர் மேல் பழி போடும் வழக்கம் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். 2020 நவம்பரில் வெளிவந்த பிஎச்பி 8.0, முந்தைய பதிப்புகளில் இருந்த சில செயற்கூறுகளை அடியோடு நீக்கிவிட்டது. அவற்றை நம்பியிருந்த பழைய செருகுநிரல்கள், சர்வரில் பிஎச்பி உயர்த்தப்பட்ட நாளில் விழுந்துவிடுகின்றன. அதே நாளில் நாம் வேறொன்றை நிறுவியிருந்தால் சந்தேகம் அதன்மேல்தான் விழும். பராமரிப்புப் பணி நடப்பதாகச் சொல்லும் செய்தி மட்டும் விலகாமல் நின்றால், அது பெரும்பாலும் பாதியில் அறுந்த புதுப்பித்தலின் மிச்சமே. தளத்தின் முதன்மைக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் மெயின்டெனன்ஸ் என்ற சிறு கோப்பை நீக்கினால் சரியாகிவிடும். நான் நீக்கச் சொல்லும் கோப்பு அது ஒன்றுதான்.

ஆகவே, கேள்வி கேட்ட அந்த வாசகர் தம் தளத்தை இன்னும் அழித்துவிடாமல் இருந்தால், கோப்புறைப் பெயரை மாற்றிப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டும்படி, இவ்விளக்கத்தை இயன்றவரை விரைவாக அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
இணையதளப் பராமரிப்பாளர் ஒருவர்