மக்கள் தொடர்பு படிக்கப் போகும் மகளுக்கு

குடவாசல்,
தை மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சம்பா அறுப்பு பாதி முடிந்துவிட்டது. அப்பா களத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்குமாக அலைந்துகொண்டிருக்கிறார். ஈரப்பதம் கூடுதல் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற கவலையில் நெல்லைக் காயவைப்பதும் மூடுவதுமாகப் பொழுது போகிறது. அதனால் உன் விஷயத்தை அவரிடம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் பேச முடிந்தது.

பேங்க் வேலையை விட்டுவிட்டு மக்கள் தொடர்பு படிக்கப் போகிறாள் என்று சொன்னதும் அவர் கேட்டது, "அதையெல்லாம் படிக்க வேற வேணுமா?" பக்கத்தில் இருந்த பெரியப்பா ஒரு படி மேலே போய், "கல்யாணத் தரகர் வேலை மாதிரிதானே, பேசத் தெரிஞ்சாப் போதுமே" என்றார். அவர் மகனுக்குப் பெண் தேடித் தரகர் வீட்டுக்கு எத்தனை நடை நடந்தார் என்பது அவருக்கு மறந்துபோயிருக்கும். எனக்கு மறக்கவில்லை. சரி, வாயை மூடிக்கொண்டேன்.

போனில் நீ ஆபீஸ் மாடிப்படியில் நின்று பேசுகிறாய், நான் பாதி கேட்பதற்குள் லைன் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நான் இந்தப் படிப்பைப் படித்தவள் இல்லை. டைப்பிஸ்டாகச் சேர்ந்து, டெல்டாவுக்குள்ளேயே மாற்றலாகி மாற்றலாகி, செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் உதவியாளராக ரிட்டயர் ஆனவள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

வெளியே இருப்பவர்களுக்கு எங்கள் ஆபீஸ் என்றால் அரசு விழா, புகைப்படக் கண்காட்சி, கலெக்டர் கூடவே ஓடும் போட்டோகிராபர். உள்ளே காலையில் முதல் வேலை பேப்பர் கட்டிங். தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களை மேஜையில் விரித்து, மாவட்டத்தைப் பற்றிக் குறையாக வந்த செய்திகளைக் கத்தரித்து, வெள்ளைத்தாளில் ஒட்டி, பேப்பர் பெயர், தேதி, பக்கம் எழுதி, கலெக்டர் வருவதற்குள் அவர் மேஜையில் வைக்க வேண்டும். அவர் ஓரத்தில் பேனாவால் ஒரு வரி எழுதுவார். அந்தத் தாள் சம்பந்தப்பட்ட துறைக்குப் போகும், அங்கிருந்து விளக்கம் வரும். கொள்முதல் நிலையத்தில் மூட்டை நனைகிறது என்று ஒரு மூலையில் வந்த சின்னச் செய்திக்கு அன்று மதியமே தார்ப்பாய் போனதைப் பார்த்திருக்கிறேன். குடிதண்ணீரில் சாக்கடை கலக்கிறது என்ற செய்திக்கு வெறும் விளக்கக் கடிதம் மட்டும் வந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எனக்கு அந்த ஆபீஸ் என்றால் அந்தக் கட்டிங் ஃபைல்தான். மேலே இருப்பவர் பேசுவதை ஊருக்குக் கொண்டுபோக நிறையப் பேர் இருந்தார்கள். ஊர் பேசுவதை மேலே கொண்டுபோனது அது ஒன்றுதான்.

நீ அனுப்பிய சிலபஸை வைத்துக்கொண்டு பெயர்களைத் தேடித் தேடிப் படித்தேன். 1984-ல் க்ரூனிக், ஹன்ட் என்று இரண்டு பேர் இந்தத் தொழிலை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். எப்படியாவது பேப்பரில் பெயர் வரவைப்பது ஒன்று. சரியான தகவலை மட்டும் கொடுப்பது ஒன்று. ஜனங்களின் மனசை ஆராய்ந்து அதற்குத் தகுந்த மாதிரி பேசி நம் பக்கம் இழுப்பது ஒன்று. ஜனங்கள் சொல்வதைக் கேட்டு நிறுவனமும் தன்னை மாற்றிக்கொள்வது கடைசி. இந்த நான்காவது வகை எங்கேயாவது முழுசாக நடக்கிறதா என்று உன் பேராசிரியரிடம் கேள். பதில் வந்தால் எனக்கும் சொல்.

சரித்திரப் பாடமும் சுவாரசியம்தான். 1906-ல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி பக்கம் ரயில் பாலத்திலிருந்து விழுந்து ஐம்பதுக்கும் மேல் செத்துப்போனார்கள். ரயில் கம்பெனிகள் அப்போதெல்லாம் விபத்தை மூடி மறைப்பதுதான் வழக்கம். ஐவி லீ என்பவர் கம்பெனி சார்பில் நடந்ததை எழுதித் தானே பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். உலகத்தின் முதல் பத்திரிகைச் செய்திக்குறிப்பு அதுதான் என்கிறார்கள். நான் டைப்பில் தட்டித் தட்டி விரல் தேய்ந்த செய்திக்குறிப்புகளுக்கெல்லாம் பாட்டன் அது. இன்னொருவர் பெர்னேஸ். 1923-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்தை முதன்முதலில் நடத்தியவர் என்கிறார்கள். அதே ஆள் 1929-ல் பெண்கள் சிகரெட் பிடிப்பதைச் சுதந்திரத்தின் அடையாளம் என்று காட்ட ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நடக்கவிட்டார். பெரிய மூளைக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் பெயரைச் சொல்லும்போது உன் வாத்தியார் எந்த முகத்தோடு சொல்கிறார் என்று கவனி. அதிலேயே அந்தத் துறை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

எங்கே படிப்பது என்று கேட்டாய். மக்கள் தொடர்பு என்றே தனிப் பட்டம் நம் நாட்டில் குறைவு. இதழியல், ஊடகம், தகவல் தொடர்பு என்ற எம்.ஏ.க்குள் சில பேப்பராக வரும். டெல்லியில் 1965-ல் தொடங்கிய ஐ.ஐ.எம்.சி. என்ற இதழியல், தகவல் தொடர்பு நிறுவனத்தில் விளம்பரமும் மக்கள் தொடர்பும் சேர்ந்த முதுநிலை டிப்ளமோ இருக்கிறது, அதற்கு நல்ல பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் ஊடகத் துறை இருக்கிறது, அதற்கு சி.யு.இ.டி. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அப்பாவுக்குத் திருவாரூர்தான் ஆசை. நீலக்குடி என்றால் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் போய்வரலாம் என்று கணக்குப் போடுகிறார். நீ அந்தக் கணக்கைப் போடாதே. வகுப்பில் எவ்வளவு எழுதவைக்கிறார்கள், சர்வே எடுக்க வெளியே அனுப்புகிறார்களா, இன்டர்ன்ஷிப் எங்கே கிடைக்கிறது என்று சீனியர்களிடம் விசாரித்து முடிவு பண்ணு.

எழுதவைப்பதைப் பற்றிச் சொன்னேனே, அதற்குக் காரணம் இருக்கிறது. செய்திக்குறிப்புக்கு ஒரு அச்சு உண்டு: யார் தலைமை, யார் முன்னிலை, யார் யார் கலந்துகொண்டார்கள், எல்லாம் முடிந்து கடைசியில் விஷயம். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குப் பெரும்பாலும் நவம்பர் 15 கடைசி நாளாக இருக்கும். ஒரு வருஷம் அந்தக் குறிப்பு டைப் அடிக்க வந்தபோது, அந்தத் தேதி நான்காவது பத்தியில் கிடந்தது. நான் விவசாயி வீட்டுக்காரி. உன் அப்பா பேப்பர் படிக்கிற லட்சணம் எனக்குத் தெரியும்: டீக்கடையில் நின்றபடி தலைப்பும் முதல் இரண்டு வரியும், அதற்குள் கிளாஸ் காலியாகிவிடும். அதிகாரியிடம் போய், "சார், தேதியையும், சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எடுத்துக்கொண்டு எங்கே போகணும் என்பதையும் மேலே கொண்டுபோகலாமா?" என்றேன். நல்ல மனிதர். சிரித்துவிட்டு, "பேரும் மேலேயே இருக்கட்டும்மா, தேதியும் மேலேயே இருக்கட்டும்" என்றார். 'பயிர்க் காப்பீடு செய்ய நவம்பர் 15 கடைசி நாள் என்று மாவட்ட ஆட்சித் தலைவர் தெரிவித்துள்ளார்' என்று முதல் வரியைத் திருத்தி அடித்துக் கொடுத்தேன். பேப்பர்காரர்கள் தேதியைத் தலைப்பில் போட்டார்கள். இந்தத் தொழிலின் பாதி அந்த மாதிரி வேலைதான் பாப்பா. இரண்டு பக்கமும் முகம் கோணாமல், படிக்கிறவனுக்கு வேண்டியது முன்னால் வர வேண்டும். இதைப் பழக்கிக் கொடுக்காத இடத்தில் எத்தனை தியரி நடத்தினாலும் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்றும் பழக வேண்டும், கெட்ட நேரத்தில் பேசுவது. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது நீ காலேஜில் இருந்தாய். புயலுக்கு முன்னால் எச்சரிக்கை சொல்லி ஜனங்களை முகாமுக்குக் கொண்டுபோனதை எல்லோரும் பாராட்டினார்கள். கஷ்டம் அப்புறம்தான். கம்பமெல்லாம் சாய்ந்து கரண்ட் இல்லை, செல் வேலை செய்யவில்லை, தென்னை விழுந்து ரோடு அடைத்துவிட்டது. கரண்ட் எப்போது வரும் என்பது ஒன்றுதான் கேள்வி. 'விரைவில்' என்று சொன்னவர்களைப் பார்த்து ஜனங்களுக்குக் கோபம் இரண்டு மடங்கானது. 'தெரியாது, நாளைக் காலையில் வந்து சொல்கிறேன்' என்று சொல்லி, மறுநாள் நிஜமாகவே வந்து, 'இன்னும் தெரியாது' என்று சொன்ன ஆளை உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். பெரிய கம்பெனிக்கும் இதே கதைதான். 2015-ல் மேகி நூடுல்ஸைத் தடை பண்ணினார்களே, மும்பை உயர்நீதிமன்றம் ஆகஸ்டில் தடையை ரத்து செய்தது, நவம்பரில் மறுபடி கடைக்கு வந்தது. கோர்ட்டில் ஜெயித்த கம்பெனிதான். ஆரம்பத்திலேயே வாயைத் திறந்து ஜனங்களிடம் பேசியிருக்கலாமே என்று பலரும் குறை சொன்னார்கள்.

இனி வேலை. நம் பக்கத்துப் பேப்பரில் 'பி.ஆர்.ஓ. தேவை', அதாவது மக்கள் தொடர்பு அதிகாரி தேவை என்று தனியார் கல்லூரிகள் போடும் விளம்பரத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதே. பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கிற வேலை அது. தலைக்கு இத்தனை என்று டார்கெட் உண்டு. உன் சித்தி மகன் அதில் ஒரு சீசன் ஓடிப் பார்த்தான், பெட்ரோலுக்குக் கூடக் கைக்காசு போட்டான். ஆஸ்பத்திரி பி.ஆர்.ஓ. வேலை வேறு மாதிரி. இன்சூரன்ஸ் அப்ரூவல் வராமல் தவிக்கிற குடும்பத்துக்கும் டாக்டருக்கும் நடுவில் நிற்கிற வேலை. சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனாலும் அதில் இரண்டு வருஷம் இருந்தவளுக்கு எந்த மனிதரிடமும் பேச வரும்.

மற்ற கம்பெனிகளுக்காக மக்கள் தொடர்பு வேலை செய்து கொடுக்கும் ஏஜென்சி என்றால் சென்னை, பெங்களூரு, மும்பைதான். என்னோடு பழகிய நிருபர் ஒருவரின் மகள் அப்படி ஒரு ஏஜென்சியில் இருக்கிறாள். ஒரே சமயத்தில் நாலைந்து கம்பெனிகளுக்கு வேலை செய்ய வேண்டுமாம். நிருபர்களுக்கு போன் போட்டுப் போட்டே காது சூடாகிவிடுமாம். எந்தப் பேப்பரில் எத்தனை சென்டிமீட்டர் வந்தது என்று அளந்து, அதே இடத்துக்கு விளம்பர ரேட் எவ்வளவோ அதை வைத்துப் பெருக்கி, இத்தனை லட்சம் மதிப்பு என்று ரிப்போர்ட் போடுவார்களாம். இந்தக் கணக்கு செல்லாது என்று 2010-லேயே பார்சிலோனாவில் கூடி அந்தத் தொழில்காரர்களே தீர்மானம் போட்டிருக்கிறார்கள், ஆனாலும் அந்தக் கணக்கை இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வேகமாகக் கற்றுக்கொள்ள ஏஜென்சியைப் போல வேறு இடம் இல்லை என்றும் அந்தப் பெண்ணே சொல்கிறாள். அங்கிருந்து ஏதாவது ஒரு கம்பெனியின் உள்ளே போய்விட்டால் வேலை விரியும்: ஊழியர்களுக்கு எழுதுவது, முதலீட்டாளர்களுக்குச் சொல்வது, எம்.டி.யின் உரையைத் தயாரிப்பது, சமூகப் பொறுப்புத் திட்டங்களைப் பார்த்துக்கொள்வது என்று.

சினிமா பக்கமும் பி.ஆர்.ஓ. உண்டு. ஃபிலிம் நியூஸ் ஆனந்தனைத்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்பார்கள். அது உனக்கு ஒத்துவராது, உனக்கு ராத்திரி பத்து மணிக்கே தூக்கம் வந்துவிடும்.

அரசாங்க வேலை வேண்டுமென்றால் யு.பி.எஸ்.சி. எழுதி இந்தியத் தகவல் பணிக்குப் போகலாம். சென்னை பத்திரிகைத் தகவல் அலுவலகம், தூர்தர்ஷன், வானொலி எல்லாம் அதில் வரும். ரயில்வேயிலும் உண்டு. தண்டவாள வேலையால் நம் மயிலாடுதுறை வண்டி ரத்து என்று வருகிற அறிவிப்பையெல்லாம் திருச்சிக் கோட்டத்து மக்கள் தொடர்புப் பிரிவுதான் கொடுக்கிறது. நான் இருந்த துறையைச் சிபாரிசு பண்ணுவேனா என்று கேட்டால், பென்ஷன் வருகிறது, உன்னைப் படிக்கவைத்தேன், ஆனால் நீ என்னைவிடப் பொறுமை கம்மி.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். லண்டனில் பெல் பாட்டிங்கர் என்று பெரிய மக்கள் தொடர்பு கம்பெனி இருந்தது. தென்னாப்பிரிக்காவில் ஒரு பணக்காரக் குடும்பத்துக்காக இன வெறுப்பைக் கிளறிவிட்டது தெரிந்து, 2017-ல் அந்தத் தொழில்காரர்களின் சங்கமே அதை வெளியே தள்ளியது. சில நாளிலேயே கம்பெனி விழுந்தது. அதில் வேலை செய்த சின்னப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு முழுக் கதையும் தெரிந்திருக்கும்? அதே 2017-ல்தான் நம் டெல்டாவில் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து ஊரே திரண்டது. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. நாளைக்கு ஏதோ ஒரு கம்பெனி, நீ இந்த மண்ணின் பெண், இந்தப் பேச்சு பேசுகிறாய் என்பதற்காகவே உன்னை நம் ஊர் மாதிரி ஒரு ஊருக்கு அனுப்பி, ஜனங்களைச் சமாதானப்படுத்து என்று சொல்லும். போவதற்கு முன்னால், "நான் அங்கே கேட்டுவிட்டு வருவதை இங்கே யார் உட்கார்ந்து கேட்பார்கள், அவருக்கு எதையாவது மாற்றும் அதிகாரம் இருக்கிறதா?" என்று கேள். பெயர் சொல்ல முடிந்தால் போ. இல்லையென்றால் அந்த வேலை வேண்டாம், சம்பளம் எவ்வளவு ஆனாலும். இன்டர்வியூவிலேயே இதைக் கேட்கலாம், தப்பில்லை.

அப்பாவிடம் பேசிவிட்டேன். முழு சம்மதம் இல்லை, ஆனால் "பேங்க்ல நோட்டீஸ் பீரியட் எவ்வளவு?" என்று கேட்டார். அது பாதி சம்மதம். ஃபீஸுக்கு என் ரிட்டயர்மென்ட் பணத்திலிருந்து எடுக்கலாம், லோன் போடாதே. டிகிரி சர்டிபிகேட்டும் கம்யூனிட்டி சர்டிபிகேட்டும் பீரோவில் இருக்கின்றன, இ-சேவை மையத்தில் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்கிறேன். நீயே ஒரு தடவை அப்பாவுக்கு போன் போட்டுப் பேசு. காலையில் வேண்டாம், கொள்முதல் நிலையத்தில் டோக்கனுக்கு நிற்பார், எரிந்து விழுவார். ராத்திரி எட்டு மணிக்கு மேல் போடு.

இப்படிக்கு,
அம்மா