உள்ளே இருக்கும் பல்சக்கரம் எந்த ஊர்? டிராக்டர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் டிராக்டர் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

தஞ்சை மாவட்டத்தில் ஏழு ஏக்கர் நன்செய் வைத்துக்கொண்டு, சொந்த வயலை உழுதது போக அக்கம்பக்கத்து வயல்களையும் வாடகைக்கு உழுது, அந்த வருமானத்தில் வங்கித் தவணையைக் கட்டிவரும் விவசாயி நான். டிராக்டர் எங்கே தயாரானது என்பது வாங்குபவருக்கு ஒரு பொருட்டா என்று கேட்டால், நிச்சயமாகப் பொருட்டுதான் என்பேன். நாட்டுப்பற்றை வைத்து இதைச் சொல்லவில்லை. பழுதான வண்டிக்கு உதிரிபாகம் எத்தனை நாளில் வந்து சேரும் என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது.

முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் என் நான்கு சக்கர இயக்க வண்டி, வாங்கிய இரண்டாம் ஆண்டு சம்பாவில், சேற்றுழவின் நடுவே முன் அச்சில் சத்தம் கொடுத்தது. மெக்கானிக் அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றியபோது, கறுப்பாக வர வேண்டிய ஆயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் ஒழுகியது. ஆயில் சீல் விட்டுப்போய்ச் சேற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்து, பேரிங்கையும் அதோடு சேர்ந்த பல்சக்கரத்தையும் தின்றிருந்தது. விற்பனையாளரிடம் அந்தப் பாகம் இல்லை; மாநிலக் கிடங்கிலும் இல்லை. பத்தொன்பதாம் நாள் வந்து சேர்ந்த பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சிறு சீட்டில், தயாரான இடமாக வேறொரு நாட்டின் பெயர் இருந்தது. வண்டியை வாங்கும்போது யாரும் என்னிடம் சொல்லாத செய்தியை அந்தச் சீட்டுதான் சொன்னது.

பாகத்துக்குக் காத்திருந்தபோதே சி.ஆர். 1009 ரக நெல் நாற்று முற்றத் தொடங்கியிருந்தது. ஊரில் இருந்த வாடகை வண்டிகள் எல்லாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வயல்களில் ஓடிக்கொண்டிருந்ததால், என் வண்டி நின்ற ஒன்பதாம் நாள்தான் ஒரு வண்டி கிடைத்தது. முறை வைத்து வந்த தண்ணீர் ஒரு தடவை வீணாகக் கடந்துபோயிற்று. அந்தப் பருவத்து வாடகை வருமானமும் போனதால், தவணைக்கு நகையை அடகு வைத்தேன்.

இதே வீட்டில் என் அப்பா வாங்கிய மேஸி 1035 இன்றும் ஓடுகிறது. மேஸி பெர்குசன் வெளிநாட்டுப் பெயர்தான். ஆனால் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் சென்னை செம்பியத்தில் அந்த வண்டியைத் தலைமுறைக் கணக்காகச் செய்து வருவதால், கும்பகோணத்தில் எந்த உதிரிபாகக் கடையில் கேட்டாலும் அதற்குக் கிளட்ச் தட்டு கிடைக்கும். எங்கள் ஊர்ச் சிறுபையன்கூட அதன் ஹைட்ராலிக்கைப் பிரித்துப் பூட்டுவான். வடக்கே ஸ்வராஜ் டிராக்டருக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனம் வடிவமைத்து, 1974இல் பஞ்சாபின் மொகாலியில் தயாரிப்புக்கு வந்த அந்த வண்டியைப் பஞ்சாப் விவசாயிகள் தம் சொந்த வண்டியாகவே கருதினார்கள்.

ஆகவே வெளிநாட்டு நிறுவனம் என்பதற்காக யாரையும் நான் ஒதுக்கவில்லை. இத்தாலிய நிறுவனமான சேம் டாய்ட்ஸ் ஃபார் நம் ராணிப்பேட்டையில் தொழிற்சாலை வைத்திருக்கிறது. ஜான் டியர் புனேயில் செய்கிறது. 2023இல் வந்த மஹிந்திராவின் ஓஜா, ஜப்பானிய மிட்சுபிஷியின் கூட்டில் வடிவமைக்கப்பட்டுத் தெலங்கானாவின் ஜாஹீராபாத்தில் தயாராகிறது. உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையில் டிராக்டர் செய்யும் நாட்டில் பாகம் செய்யத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. முழு வண்டியையும் இங்கே உருவாக்குவதும், பெட்டியில் வந்த பாகங்களை இங்கே பூட்டுவதும் விளம்பரப் பலகையில் ஒரே சொல்லாக, ‘இந்தியத் தயாரிப்பு’ என்று மட்டும் நிற்பதுதான் எங்களைத் தடுமாற வைக்கிறது.

மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் பண்ணை இயந்திரங்களைச் சோதிக்கும் மத்திய அரசு நிறுவனத்தின் அறிக்கை குதிரைத்திறனையும் இழுவையையும் டீசல் செலவையும் சொல்கிறது. எங்களுக்கு அது மிகவும் பயன்படுகிறது. அதே போல, இன்ஜின், கியர் பெட்டி, ஹைட்ராலிக் பம்ப், முன் அச்சு ஆகிய நான்கும் எங்கே தயாரானவை என்பதை விலைப்பட்டியலில், முன்பணம் வாங்கும் முன்பே, தமிழில் எழுதித் தாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பாகம் என்றால் மறைக்க வேண்டாம். அதைக் கிடங்கில் வைத்திருக்கிறீர்களா, இல்லையென்றால் எத்தனை நாளில் தருவீர்கள், அந்த நாள் தவறினால் மாற்று வண்டிக்கு என்ன ஏற்பாடு என்று எழுத்தில் சொல்லுங்கள். டெல்டாவில் விற்கும் வண்டிகளுக்கு முன் அச்சின் சீலும் பேரிங்கும் பல்சக்கரமும் ஆகஸ்டுக்குள் மாவட்டக் கிடங்குக்கு வந்துவிட வேண்டும், ஏனென்றால் அச்சு மூழ்கும் அளவு சேற்றில் ஓடும் வண்டிக்கு முதலில் போவது அவைதான். ஒரு மாடலை நிறுத்தினாலும் 15 ஆண்டுகளுக்காவது அதன் பாகங்களைத் தருவதாக உறுதி கொடுங்கள். எங்களில் பலர் அதற்கும் மேலாக ஒரே வண்டியை வைத்து ஓட்டுகிறோம்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததால், எங்கள் தெருவிலேயே இருவர் புது வண்டி பார்த்து வருகிறார்கள். அதில் ஒருவர் என் சித்தப்பா மகன். அடுத்த வாரம் அவனோடு உங்கள் ஷோரூம்களுக்கு நானும் வருகிறேன். அந்த நான்கு பாகங்களைப் பற்றித்தான் முதலில் கேட்கப் போகிறோம். பதிலை எழுத்தில் தருபவரிடமே அவன் முன்பணம் கட்டுவான்.

இப்படிக்கு,
தஞ்சை மாவட்ட விவசாயி ஒருவர்