ஜட்ஜம்மா

கோத்தகிரி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஐப்பசி மழை இந்த முறை விடாமல் பிடித்துக்கொண்டதில் பதில் எழுத உட்காரவே முடியவில்லை. தோட்டத்துக்குள் ஓர் ஓரமாக மண் சரிந்து, அதை அள்ளிப்போடவே ஆள் கிடைக்காமல் அல்லாடினேன். கொளுந்து நன்றாகத்தான் வருகிறது, விலைதான் வழக்கம்போல. பக்கத்து ஊர் சத்துணவுக் கூடத்தின் கதவை உடைத்து எண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது ஒரு கரடி. இங்கே இதெல்லாம் இப்போது செய்தியே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ தலைமையாசிரியர் நாற்காலியில் இருப்பவன் என்பதால் உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

மகள் பிளஸ் டூ படிக்கிறாள் அல்லவா, அவள் வகுப்பு ஸ்மார்ட் போர்டில் திடீரென்று ஒரு விரிசல். மதிய இடைவேளையில் நடந்திருக்கிறது, யார் செய்தது என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் வகுப்பே சேர்ந்து பணம் கட்ட வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை கிளாஸ் லீடர் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டிருக்கிறான். லாங் சைஸ் நோட்டிலிருந்து கிழித்த தாள், மேலே நான்கு வரி: இன்னான்தான் பையை வீசி உடைத்தான், நாங்கள் பார்த்தோம். கீழே இரண்டு பத்தியாகக் கையெழுத்துகள்.

அந்த இன்னான் எஸ்டேட் லைன் வீட்டுப் பையன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம், தாத்தா அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் வேலை பார்த்தவர். 1968-ல் அந்தத் தோட்டங்களைத் தொடங்கியதே இவர்களுக்கு வேலை கொடுக்கத்தானே. மூன்றாம் தலைமுறை வந்தாச்சு, பையன் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான், இன்னமும் வகுப்பில் அவனுக்குப் பெயர் ‘சிலோன்’. பழி எங்கே போய் விழும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தாள் மகளிடம் வந்திருக்கிறது. படித்துவிட்டு, “நான் பாக்கல” என்று அடுத்த பெஞ்சுக்குத் தள்ளிவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அவனோடு பெரிய நட்பும் இல்லை. “அவன் எங்கிட்ட ரெக்கார்ட் நோட்டு வாங்கிட்டு ரெண்டு வாரமா திருப்பித் தரல, எனக்கே அவன் மேல கோவம்தான்” என்கிறாள். கோபம் வேறு, பார்த்தது வேறு என்று பிரித்துவைத்துக்கொள்ள இந்த வயதில் எங்கே கற்றாளோ, என்னிடம் இல்லை.

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பையை வைத்துவிட்டு ‘ஆள் வருது’ என்பார்களாம். ‘ஜட்ஜம்மா’ என்று பட்டம். வீட்டில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். என் மனைவி, “கையெழுத்துதானே, போட்டுத் தொலைச்சிட்டு வாயேன்” என்றாள். “அம்மா, அன்னைக்கு காய்ச்சல்னு லீவு போட்டவகூட ‘பார்த்தோம்’னு கையெழுத்து போட்டிருக்கா, தெரியுமா?” என்று ஒரே போடு. அதற்கு மேல் நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் தலைமையாசிரியர் அறை. “எல்லாருக்கும் தெரிஞ்சது உனக்கு மட்டும் தெரியாதா?” “எனக்குத் தெரியாது சார். அவங்களுக்கு எப்படித் தெரியும்னு அவங்களைக் கேளுங்க.” திமிர் என்று எடுத்துக்கொண்டார். டி.சி. என்றார், உள்மதிப்பீடு என்றார். செய்முறைத் தேர்வுக்காவது வெளியாள் வருவார், உள்மதிப்பீட்டின் 10 மதிப்பெண் முழுக்கப் பள்ளியின் கையில். அதை வைத்து மிரட்டுகிற வழக்கம் உன் பள்ளியிலும் உண்டோ என்னவோ, கோபித்துக்கொள்ளாதே. பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்வதும் எட்டாம் வகுப்பு வரைக்குத்தான். பிளஸ் டூ பிள்ளைக்கு அந்தக் காப்பும் இல்லை.

எனக்கு அந்த மனிதர்மேல் முழுசாகக் கோபம் வரவில்லை. போர்டு உடைந்ததற்கு அவர் மேலே பதில் எழுத வேண்டும், எழுத ஒரு பெயர் வேண்டும். பிள்ளைகளுக்குப் பணம் கட்டப் பயம், ஆசிரியருக்கு இவரிடம் பயம், இவருக்கு மேலிடத்தில் பயம். எல்லாமாகச் சேர்ந்து லைன் வீட்டுப் பையன் தலையில் இறங்குகிறது.

கேரளத்துப் பிள்ளைகள் வழக்கு ஞாபகம் இருக்கிறதா, பிஜோ இம்மானுவேல் வழக்கு? நாம் பள்ளியில் படித்த காலம்தான். யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம், மூன்று பிள்ளைகள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மட்டும் மாட்டார்கள். வெகுகாலம் யாருக்கும் அது உறுத்தவில்லை. ஒரு எம்.எல்.ஏ. கண்ணில் பட்டு, சட்டசபையில் கேள்வியாகி, விசாரணை வைத்தார்கள். பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்றே அறிக்கை வந்தது. அப்படியும் 1985 ஜூலையில் தலைமையாசிரியை மூவரையும் வெளியே அனுப்பினார், கல்வித்துறை மேலதிகாரி சொன்னதால். கேரள உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. பேச்சுரிமை என்றால் வாயை மூடிக்கொண்டிருக்கிற உரிமையும் சேர்த்துத்தான் என்று அந்தத் தீர்ப்பை வைத்து இன்றும் வாதாடுகிறார்கள். அப்படியானால் தெரியாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போடாமல் இருப்பதும் அதில் வரும் என்பது என் கட்சி. வக்கீல் யாரையும் கேட்கவில்லை, கேட்டால் ஃபீஸ் வாங்குவார்கள்.

ஆனால் இங்கே கோர்ட்டு வரைக்கும் போகத் தேவைப்படவில்லை. நாலைந்து நாள் கழித்து அந்தக் காய்ச்சல்காரப் பெண் தானாகவே போய், “சார், அன்னைக்கு நான் வரவே இல்ல, என் பேரை அடிச்சிடுங்க” என்றிருக்கிறாள். வருகைப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தத் தாளை எங்கேயும் அனுப்ப முடியாதல்லவா? இன்னும் இருவர் வந்து ‘பார்த்தோம்’ என்பதை ‘கேள்விப்பட்டோம்’ என்று மாற்றிக்கொண்டார்கள். போர்டைப் பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தில் சரிசெய்கிறார்கள். யார் உடைத்தது என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பையனாகவே இருந்தாலும் இருக்கலாம். மகளைக் கேட்டால் அதற்கும், “நான் பாக்கல” என்றுதான் சொல்கிறாள்.

வாட்ஸ்அப் குழுவில் இன்னும் சேர்க்கவில்லை. ரெக்கார்ட் நோட்டு மட்டும் திரும்பி வந்துவிட்டது, அட்டை போட்டு.

உன்னிடம் கேட்க வேண்டியது இதுதான். உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணைப் பள்ளி எந்த மாதம் ஏற்றும்? ஏற்றும் முன் பெற்றோர் பார்க்கக் கேட்கலாமா, கேட்டால் வம்பாகுமா? கல்வித்துறை உதவி எண் 14417-க்குப் பேசலாமா என்று மனைவி கேட்கிறாள். நான்தான் முதலில் உன்னைக் கேட்போம் என்று நிறுத்திவைத்திருக்கிறேன். நண்பனாக ஒரு பதிலும் தலைமையாசிரியராக ஒரு பதிலும் இருந்தால் இரண்டையும் எழுது. சீக்கிரம் எழுது, அரையாண்டு நெருங்குகிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்