ஓதுவாரய்யாவுக்கும் மற்ற எல்லாருக்கும் நன்றிங்க

ஸ்கூலுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்த எங்கள் பாப்பாவுக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டது. பாப்பா ஐந்து பாடத்திலும் பாஸ். தமிழில் நான் நினைத்ததைவிட நல்ல மார்க், கணக்கில் அவள் நினைத்ததைவிடக் கொஞ்சம் கம்மி, அதற்கு அரை மணி நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டு இப்போது ஆத்தாவோடு (என் மாமியார்) உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறாள். கை நடுக்கம் நிற்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் என்ன நடந்தது, யார் என்ன பேசினார்கள், அந்த ஹோம்ஸ்கூல் குழுவிலிருந்து நாங்கள் ஏன் வெளியே வந்தோம் என்பதெல்லாம் இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதைக் கிளறப் போவதில்லை. இது நன்றி சொல்ல மட்டும்.

முதல் நன்றி ஓதுவாரய்யாவுக்கு. அவரிடம் இருப்பது பட்டன் போன், அதனால் அவர் பேரன்தான் இதைப் படித்துக் காட்ட வேண்டும். தம்பி, ஒரு வரி விடாமல் படிச்சுக் காட்டு சாமி.

அவரை முதலில் பார்த்தது மாவு மில்லில். பள்ளிக்கூடம் நடக்கிற நாளில், காலை பதினொரு மணிக்கு, படிக்கிற வயசுப் பிள்ளையோடு வெளியே போனால் என்ன ஆகும் என்று வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிற எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். "எந்த ஸ்கூல் கண்ணு? இன்னைக்கு லீவா? ஒடம்பு சரியில்லையா?" அன்றைக்கும் வரிசையில் நின்ற மூன்று பேர் கேட்டார்கள், நான் வழக்கமான பதிலைச் சொன்னேன், அவர்களும் வழக்கமான பார்வையைப் பார்த்தார்கள். ராகிப் பையோடு ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, "என்ன கண்ணு முணுமுணுன்னு பாடிட்டு இருந்தே? இன்னொருக்காப் பாடு" என்றார். அவளிடம் படிப்பைத் தவிர வேறு ஒன்றை ஒருவர் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

கோயிலில் தேவாரம் பாடுகிற வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓதுவார் என்று அப்புறம்தான் தெரிந்தது. உடனே எங்கள் மாமியார் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் எல்லாம் தட்டில் வைத்து, தேவாரம் சொல்லிக் கொடுங்க என்று கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டு நிலவரம் உங்களுக்குத் தெரியும். மாமியார் சென்னிமலை முருகன் இல்லாமல் மூச்சு விடமாட்டார், சஷ்டி என்றால் வீட்டில் கவசம் கேட்காமல் விடியாது. அவர் பெற்ற மகன், அதாவது என் வீட்டுக்காரர், ஈரோட்டில் படித்த காலத்திலிருந்தே கருப்புச்சட்டை. இரண்டு பேரும் ஒரே தட்டில் அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிடுவார்கள், சாமி பேச்சு வந்தால் மட்டும் ஆளுக்கொரு திசை. பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்த பிறகு, பாப்பாவுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்ற சண்டை மொத்தமும் எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டது.

ஓதுவாரய்யா தட்டை வாங்கவில்லை. திண்ணையில் வைக்கச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக் கேட்டார்: "உனக்குக் கத்துக்க இஷ்டமா கண்ணு? அம்மா சொல்றாங்கன்னு சொல்லாத. ஆத்தா சொல்றாங்கன்னும் சொல்லாத. வேண்டான்னாலும் எனக்கொண்ணும் வருத்தமில்ல, தேங்காய எடுத்துட்டுப் போய்ச் சட்னி அரைச்சுக்கங்க." இவள் கொஞ்ச நேரம் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாமி இருக்காருன்னு எனக்கு உறுதியாத் தெரியலீங்க தாத்தா, ஆனா பாட்டுப் புடிச்சிருக்குதுங்க" என்றாள். எனக்கு வேர்த்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "பாடறதுக்கு அது போதும், உக்காரு" என்றார்.

அவ்வளவுதாங்க. நான் இத்தனை நீளமாக நன்றி சொல்வது அந்தக் கேள்விக்குத்தான்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். நம் அரசியல் சாசனத்தில் 28ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற மற்றப் பள்ளிகளில், சம்மதம் இல்லாமல் யாரையும் மத வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது, சின்னப் பிள்ளை என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். சரி, வீட்டில்? வீட்டில் வாத்தியாரும் நாம்தான், சம்மதம் தரவேண்டிய பெற்றோரும் நாம்தான். 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பேசுகிறது, வீட்டுக் கல்வி என்ற பேச்சையே எடுக்கவில்லை. அப்போது பிள்ளையை யார் கேட்பது? எதிர் சந்தில் இருக்கிற பாய் வீட்டுப் பிள்ளைகள் ஸ்கூல் விட்டு மதரஸா போகிறார்கள், சர்ச் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. அவர்களுக்குப் படிப்பு ஒரு இடம், வேதம் ஒரு இடம். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு எல்லாம் ஒரே கூடம், ஒரே அம்மா. நாங்கள் வெளியே வந்த குழுவில் காலை ஜெபம் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி. ஜெபம் தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். பாப்பாவை யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அமெரிக்காவில் இந்தப் பேச்சு எப்போதோ நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் எங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம், அது எங்கள் மதத்துக்கு ஒத்துவராது என்று விஸ்கான்சினில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்கள் சொல்ல, 1972ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. டக்ளஸ் என்ற நீதிபதி மட்டும் பிள்ளைகளையும் கேட்க வேண்டாமா என்று தனியாக எழுதி வைத்தார். ஓதுவாரய்யாவுக்கு டக்ளஸ் யாரென்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

அவர் முதலில் எடுத்தது சுந்தரரின் அவிநாசிப் பதிகம். நம்மூர்ப் பாட்டு, குறிஞ்சிப் பண், ஹரிகாம்போதியில் பாடுவார்கள் என்று பாப்பாதான் எனக்குச் சொன்னாள். முதலை விழுங்கிய பிள்ளை வருஷக்கணக்காய் ஆனபின் உயிரோடு வந்ததாகக் கதை. இவள் விடுவாளா? "எப்படித் தாத்தா வரும்?" என்று நேராகவே கேட்டிருக்கிறாள். "அத விடு, பெரியபுராணத்துல அந்த எடத்தப் படிச்சுட்டு வா. எந்த ஊட்ல மேளம், எந்த ஊட்ல அழுகைன்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்று அனுப்பிவிட்டார். இரண்டு பிள்ளைகள் ஒரே வயசு. குளத்துக்குப் போனதில் ஒருவன் போய்விட்டான், தப்பித்து வந்தவனுக்குப் பின்னாளில் பூணூல் கல்யாணம். ஒரு வீட்டில் மேளம், எதிர் வீட்டில் அழுகை. தெருவில் வந்த சுந்தரர் மேளத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போகவில்லை, மேளமும் அழுகையும் ஒரே நேரத்தில் ஏன் என்று கேட்டார். இதைப் படித்துவிட்டு அடுப்படிக்கு வந்து பாப்பா சொன்னாள்: "எதிர் வீட்டு அக்காவுக்கு ஃப்ளெக்ஸ் கட்டிக் கேக் வெட்டுனாங்கல்ல, அன்னைக்கு நீ இங்கதான நின்னுட்டு இருந்தே?" நான் குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

கர்நாடக சங்கீதத்தை என்.ஐ.ஓ.எஸ். (அவள் பரீட்சை எழுதிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்பிலேயே ஒரு பாடமாக எடுக்கலாம், எடு என்று நான் சொன்னபோது, "இதுக்கு மார்க் வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரர் டி.வி.எஸ். ஐம்பதில் கொண்டு போய் விட்டுவிட்டு முதலில் சந்து முனையிலேயே நின்றார். அப்புறம் எதிர்த் திண்ணை. இப்போது அய்யாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். சாமி கும்பிடவில்லை, கும்பிடச் சொல்லி அவரும் கேட்கவில்லை. காசு என்று பேச்செடுத்தால் அய்யாவுக்குக் கோபம் வரும், எங்கள் ஊத்துக்குளி வெண்ணெய் மட்டும் வாங்கிக்கொள்வார், அதுவும் பேரன் பேரைச் சொல்லி.

மற்றவர்களைச் சேர்த்துத்தான் சொல்ல முடியும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அசைன்மென்ட் எல்லாவற்றையும் கணக்கில் எழுதிக்கொண்டு பிரிண்ட் போட்டுக் கொடுத்த ஜெராக்ஸ் கடை அண்ணன், பரீட்சைக்கு முந்தின ராத்திரிகளில் எட்டு மணிக்கே தறியை நிறுத்திய பக்கத்து வீட்டு மாமா (அது எத்தனை மீட்டர் நஷ்டம் என்று எனக்குத் தெரியும் மாமா), புத்தகத்தைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்காத கிளை நூலகர், பரீட்சை நாட்களில் கோயமுத்தூரில் தங்க இடம் கொடுத்த என் சித்தி, நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பிய பாய் வீட்டம்மா. அப்புறம் எங்கள் ஆத்தா. ஊரே பேசியபோது "எம்பட பேத்தி, நாங்க பாத்துக்கறோம்" என்று ஒற்றை வரியில் வாயடைத்தவர் அவர்தான்.

ஜூனில் பாப்பா உள்ளூர் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேருகிறாள். அதுவும் அவளைக் கேட்டுத்தான். வீட்டில் வைத்துப் படிக்க வைக்கலாமா என்று என்னிடம் கேட்க நினைப்பவர்கள் சாயங்காலம் வாங்க, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்க, முதலில் அதனிடம்தான் பேசுவேன். பழைய புத்தகமும் நோட்டும் கட்டி வைத்திருக்கிறேன், யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். சமூக அறிவியலை மட்டும் பெருந்துறைக்காரர் ஒருவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.