மாமாவுக்கு, இரண்டாவது குப்பியைப் பற்றி

அன்புள்ள மாமா,

இந்த வருடமும் மலப்பரிசோதனைக் கிட் வாங்கி வைத்திருக்கிறீர்களாம். "இதையும் அனுப்பிப் பார்ப்போம், ரத்தம் இல்லைன்னு வந்துட்டா விஷயம் முடிஞ்சுது" என்று அத்தையிடம் சொன்னீர்களாம். தயவுசெய்து அதைப் பிரிக்காதீர்கள்.

போன வருடப் பரிசோதனையின் முடிவு வந்து இந்த வாரத்தோடு 11 மாதம். அன்று காப்பிக்கடையில் கடிதத்தை மேசைமேல் விரித்து, "ரெண்டு குப்பி அனுப்புனேன். ஒண்ணுல ரத்தம் இருக்கு, ஒண்ணுல இல்ல. அப்போ சமம்தானே?" என்று கேட்டீர்கள். உங்கள் கை நடுங்கியது. "மூலமா இருக்கும் மாமா" என்று சொல்லிவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அதே மூச்சில் "எதுக்கும் கொலோனோஸ்கோப்பி செஞ்சிடணும்" என்றும் சொன்னேனே, அது மட்டும் எப்படி உங்கள் காதில் விழாமல் போனது?

சமம் இல்லை, மாமா. பாலிப் என்பது குடலில் வளரும் சதைக்கட்டி, நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடியது. அது தினமும் ரத்தம் கசியாது. ஒருநாள் கசியும், ஒருநாள் சும்மா இருக்கும். அதனால்தான் சிங்கப்பூரில் இரண்டு நாள் மாதிரி கேட்கிறார்கள். ஒரு குப்பியில் ரத்தம் இருந்தாலே கொலோனோஸ்கோப்பி செய்து, அதாவது கேமரா வைத்த குழாயை விட்டு, குடலின் உள்ளே பார்த்தாக வேண்டும். இந்த வருடக் குப்பி சுத்தமாக வந்தால், அந்த நாளில் கசியவில்லை என்பது மட்டும்தான் பொருள். போன வருட முடிவை அது அழிக்காது. மூலம் இருப்பவருக்குப் பாலிப் வராது என்றும் இல்லை.

கலிபோர்னியாவில் இப்படி ரத்தம் தெரிந்த சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து பார்த்து 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. 10 மாதத்துக்குள் கொலோனோஸ்கோப்பி செய்தவர்களிடம் புற்றுநோய் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகுதான் எண்ணிக்கை ஏறியது: முதல் மாதத்திலேயே போனவர்களில் ஆயிரத்துக்கு சுமார் 30 பேருக்குப் புற்றுநோய், ஒரு வருடம் தாண்டியவர்களில் சுமார் 76. அந்த 76-ஐ எடுத்துக்கொண்டாலும் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் புற்றுநோய் இல்லை. பாலிப்பாக இருந்தால் பெரும்பாலும் அன்றைக்கே, அந்தக் குழாய் வழியாகவே வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டுவது வலிக்காது.

மருத்துவமனை கூப்பிடவேயில்லை என்று ஊரெல்லாம் சொல்கிறீர்கள். இரண்டு முறை கூப்பிட்டார்கள். மோசடி அழைப்பு என்று நீங்கள்தான் துண்டித்தீர்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. பெரிய மாமாவின் கடைசி மாதங்களைக் கூட இருந்து பார்த்தவர் நீங்கள். இதற்குமேல் இங்கே வேண்டாம், மற்றவர்களும் படிப்பார்கள். அவருக்கு என்ன நோய் என்பதை மட்டும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

உங்களுக்குப் பயம் குடலைச் சுத்தமாக்கக் குடிக்கும் அந்த மருந்துத் தண்ணீர்தான் என்றால், அதைச் சமாளிக்கலாம். மூன்று நாள் முன்பிருந்தே கீரை, பருப்பு, கொய்யா, கேழ்வரகு, கடுகு வேண்டாம். வெள்ளைச் சோறு, இட்லி, மீன், முட்டை சாப்பிடலாம். கடைசி நாள் தெளிந்த திரவ உணவு மட்டும். பண்டுங் (ரோஜா சர்பத் கலந்த பால்) மாதிரிச் சிவப்பாக எதுவும் கூடாது, உள்ளே ரத்தம்போலத் தெரியும். மருந்தைப் பாதி முதல் நாள் மாலையும், மீதியை அன்று விடியற்காலையும் குடிப்பார்கள். குளிரவைத்து ஸ்ட்ராவில் குடித்தால் குமட்டல் குறையும். விடிகாலைப் பங்கைத்தான் பலரும் "வயிறு காலியாயிடுச்சே" என்று விட்டுவிடுகிறார்கள். ராத்திரியில் மறுபடி இறங்கும் பித்தநீர் குடலின் வலப்பக்கத்தில் படிந்து, தட்டையான பாலிப்பை மறைத்துவிடும். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டிவரலாம். வெளியே போவது மஞ்சள் கலந்த தெளிந்த நீராக வந்தால்தான் குடல் தயார்.

மயக்க ஊசி போடுவதால் துணைக்கு ஆள் வேண்டும். 24 மணி நேரம் டாக்சி ஓட்டக் கூடாது. யாரையும் கேட்கப் பிடிக்காமல்தான் தள்ளிப்போட்டீர்கள் என்று இப்போது தோன்றுகிறது. நான் கேட்காமலே வந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். பாலிகிளினிக்குக்கு நானும் வருகிறேன், மருத்துவமனைக்குப் புது ரெஃபரல் (பரிந்துரைக் கடிதம்) வாங்குவோம். பழைய கடிதத்தையும் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். சர்க்கரை மாத்திரையை மாற்றிச் சொல்வார்கள், இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.